பாடநூல் சொல்வதும் பாடசாலை செய்வதும்: புத்தளக் கரைப் பிள்ளைகளின் சாப்பாடும் விளையாட்டும்

இலங்கையில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளும் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்ற பாடத்தைக் கட்டாயமாகப் படிக்கிறார்கள். அதற்கு முன்பே, ஆரம்பப் பிரிவின் 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' பாடத்தில் உணவு வகைகளும் கைகழுவலும் வந்துவிடுகின்றன. கற்பிட்டியிலோ உடப்பிலோ எட்டாம் தரத்துப் பிள்ளையிடம் புரதம் எதில் உண்டு, இரும்புச் சத்து எதில் உண்டு என்று கேட்டால் தடங்கலின்றிப் பதில் வரும். இடைவேளை மணி அடித்ததும் அதே பிள்ளை எண்ணெயில் பொரித்த ரோல்ஸையும் சாயம் கலந்த இனிப்புப் பானத்தையும் வாங்கிக்கொண்டு மர நிழலைத் தேடிப் போகிறது.

அந்தப் பிள்ளையிடம் அறிவுக் குறை எதுவும் இல்லை. படித்ததைச் செய்வதற்கு அதன் நாளில் இடமில்லை என்பதுதான் குறை. வீட்டிலிருந்து புறப்படும் காலை, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, வகுப்பு நேரசூசி, பின்னேர ரியூசன், குடிக்கும் தண்ணீர் ஆகிய ஒவ்வொன்றும் பிள்ளைக்கு ஏதோ ஒன்றைக் கற்பித்துக்கொண்டே இருக்கிறது. இவை கற்பிப்பது ஒன்றாகவும் பாடநூல் கற்பிப்பது இன்னொன்றாகவும் இருக்கும்வரை, வெல்வது நாள்தோறும் கையால் செய்யும் பழக்கமே. நல்ல உணவையும் உடலசைவையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பினால் முதலில் பாடசாலையின் நாளைத் திருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

மெலிவும் சீனியும் ஒரே வீட்டில்

சிறுவர் உணவுக் கல்வி என்றதும் மேலைநாடுகளிலிருந்து வரும் நூல்களும் காணொளிகளும் உடற்பருமனைப் பற்றியே பேசுகின்றன. அந்தப் பாடத்தை அப்படியே இந்தக் கரைக்குக் கொண்டுவந்தால் தீங்கு விளையும். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 சதவீதத்தினருக்கு உயரத்துக்கேற்ற நிறை இல்லை. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற நிறையே இல்லை. உயரத்துக்கேற்ற நிறையின்மை 15 சதவீதத்தை எட்டிவிட்டால் உலக சுகாதார நிறுவனம் அதை 'மிக உயர்ந்த' நிலை என்று வகைப்படுத்துகிறது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியபோது, முட்டையும் பால்மாவும் எத்தனையோ வீடுகளின் பட்டியலிலிருந்து விழுந்ததையும் இவர்கள் கடந்து வந்திருக்கிறார்கள்.

இதே காலத்தில் பெட்டிக்கடை தோறும் சரம் சரமாகத் தொங்கும் பக்கட் தீனிகளும் இனிப்புப் பானங்களும் மலிந்தன. மெலிந்த உடலும் அளவுக்கு மிஞ்சிய சீனியும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கின்றன. ஆகவே இங்கே 'குறைத்துச் சாப்பிடு' என்று சொல்லிக் கொடுக்க முடியாது. 'பலதையும் சாப்பிடு' என்பதே பொருந்தும் பாடம். வகுப்பில் எல்லார் முன்னிலும் நிறை பார்த்து 'குண்டு', 'நோஞ்சான்' என்று பேர் விழ விடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து செய்யும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எடுக்கும் நிறையும் உயரமும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் உரியவை. வகுப்பறையில் உடலை அளப்பதை விட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும்.

வறுமையின் அடையாளமாகிப் போன நல்ல உணவு

சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரை நீளும் இந்தக் கரை உணவில் வறண்டதல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்நூறு சதுரக் கிலோமீற்றருக்கு மேல் விரிந்த புத்தளம் களப்பு. மீன், இறால், நண்டு, கணவாய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் விளைவித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். மாவட்டத்தின் தென்பகுதி தென்னை முக்கோணத்தின் ஒரு முனை. வேலியோரத்து முருங்கையும் பப்பாசியும் அதிகம் பராமரிப்புக் கேளாதவை.

சாளை, கீரி, நெத்தலி போன்ற சின்ன மீன்களைப் பாருங்கள். சட்டியில் கொறுக்காயோ பழப்புளியோ போட்டு, நெருப்பைத் தணித்து வெகுநேரம் வைத்தால் சாளையின் நடுமுள் விரலால் நசுக்கும் அளவுக்கு இளகிவிடும். அந்த முள்ளோடு சாப்பிடும் பிள்ளைக்குப் புரதத்தோடு கல்சியமும் கிடைக்கிறது. பெரிய மீனின் துண்டில் சதை மட்டுமே உண்டு, எலும்பின் கல்சியம் வெட்டும் பலகையோடு போய்விடுகிறது. முருங்கையிலையிலும் பொன்னாங்காணியிலும் உள்ள இரும்புச் சத்தைத் தனியாக உடல் எளிதில் உறிஞ்சாது. மீனோடு சேரும்போதும், தேசிக்காய்ப் புளி சேரும்போதும் உறிஞ்சும் அளவு கூடுகிறது. முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்து சாளைக் குழம்போடு வைக்கும் வீட்டுச் சோறு, போசாக்கு நிபுணர் எழுதித் தரும் பட்டியலுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஆனால் பிள்ளைகள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? சாளையும் முருங்கையிலையும் 'இல்லாதவர்' சாப்பாடு. கடையில் வாங்கிய சொசேஜும் உடனடி நூடில்ஸும் 'உள்ளவர்' சாப்பாடு. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது மூடியைச் சாய்த்து மறைத்துக்கொள்ளும் பிள்ளை, நல்ல உணவைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்த வெட்கத்தைப் பாடநூலால் துடைக்க முடியாது. ஆசிரியரும் அதிபரும் அதே சாப்பாட்டைப் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடும் பாடசாலையில் அது தானாகக் கரையும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைக்கும் காலையில் பாணோடு தேத்தண்ணீர் கொடுப்பது இந்தக் கரையில் சாதாரணம். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் அதே வேளைச் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. பாடசாலைகளில் வாரந்தோறும் இரும்பு, போலிக் அமில மாத்திரை கொடுக்கிறோம். வீட்டில் காலைதோறும் தேத்தண்ணீர் கொடுக்கிறோம். உம்மாவிடமோ அம்மாவிடமோ 'தேத்தண்ணீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்' என்று சொல்லும் ஒரே வாக்கியத்துக்குச் செலவே இல்லை.

உப்பைப் பற்றிய பாடமும் இந்த மாவட்டத்துக்கென்றே தனியாக அமைய வேண்டும். நாட்டின் உப்பு உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் இடங்களில் புத்தளம் ஒன்று. 1995 முதல் இலங்கையில் உண்ணும் உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். அயடின் சேர்வது பதப்படுத்தும் கட்டத்தில்தான். உப்பளத்திலிருந்து நேரே வீட்டுக்கு வரும் கல்லுப்பில் அது இராது. பாத்தியில் உப்பு விளைவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். சமையலுக்கு அயடின் சேர்ந்த உப்பு வேண்டும். அதுவும் அளவாகவே வேண்டும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கும் பழைய வழக்கத்தின் பயனும் இங்கேதான் விளங்கும்.

கொதித்தாறிய நீர் போதாத இடம்

'கொதித்தாறிய நீரைப் பருகுக' என்பது இலங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரி. கற்பிட்டித் தீபகற்பத்தில் அது போதாது. மணல் நிலத்தில் இட்ட யூரியா பயிருக்குப் போக எஞ்சியது மழையோடும் இறைத்த நீரோடும் கீழிறங்கி, ஆழமில்லாத நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. அதே கிணற்றிலிருந்து அதே தோட்டத்துக்கு மீண்டும் இறைப்பதால் சேர்மானம் ஏறிக்கொண்டே போகிறது. 1980கள் முதலே ஆய்வாளர்கள் இதை எழுதிவருகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் பல அங்கே பதிவாகியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது மிக ஆபத்தானது. நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

பாடசாலையில் நம்பிக் குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால், வெயில் கொளுத்தும் மணல்வெளியில் ஓடி விளையாடிய பிள்ளை இனிப்புப் பானத்தை நாடுவது இயல்பு. 'மென்பானம் குடிக்காதே' என்ற அறிவுரைக்கு முன்னால், சோதித்துச் சுத்திகரித்த குடிநீர்க் குழாய் ஒன்று மைதானத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். அந்தக் குழாய் இல்லாத இடத்தில் அந்த அறிவுரையைப் பிள்ளையால் கடைப்பிடிக்க முடியாது.

ருசி எப்படிப் பழகுகிறது

பிள்ளைகளின் ருசியைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் லீயன் பேர்ச் 1980களில் செய்த ஆய்வுகள் ஆசிரியர்களுக்கு மிகப் பயன்படுபவை. பழக்கமில்லாத உணவை முதலில் மறுக்கும் பிள்ளை, வற்புறுத்தலின்றி அதைத் திரும்பத் திரும்ப, பத்துத் தடவையளவு ருசிபார்க்க வாய்ப்புக் கிடைத்தால் மெல்ல விரும்பத் தொடங்குகிறது. 'இதைச் சாப்பிட்டால் அது தருவேன்' என்று பரிசு காட்டி ஊட்டிய உணவின் மீதுள்ள விருப்பமோ பின்னர் குறைந்து போகிறது. கீரையைச் சாப்பிட்டு முடித்தால் சொக்லேட் என்று பேரம் பேசும்போது, கீரை தண்டனை என்றும் சொக்லேட் வெகுமதி என்றும் நாமே சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு நாள் 'போசாக்கு தினம்' வைத்து இலைக்கஞ்சி ஊற்றிவிட்டு, அடுத்த ஆண்டு வரை மறந்துபோகும் பாடசாலையில் ஏன் எதுவும் மாறுவதில்லை என்பதும் இதிலிருந்தே புரியும்.

யப்பான் 1954இலேயே பாடசாலை மதிய உணவுக்குச் சட்டம் இயற்றியது. 2005இல் உணவுக் கல்விக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. அங்கே பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுகிறார்கள், வகுப்பறையிலேயே ஆசிரியரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மதிய உணவு வேளையே அங்கே ஒரு பாடவேளை.

இலங்கையிலிருந்தே நம்பிக்கை தரும் சான்று ஒன்று உண்டு. கொழும்பு மாவட்டத்தின் ஹோமாகமவில் நலிகா குணவர்தனவும் சக ஆய்வாளர்களும் பாடசாலை மாணவர்களைத் தத்தம் வீட்டில் மாற்றத்தைக் கொண்டுவருபவர்களாகப் பயிற்றினார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட தாய்மாரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வு 2016இல் வெளியானது. பயிற்சி பெற்ற மாணவர்களின் தாய்மாரது நிறை, மற்றத் தாய்மாரோடு ஒப்பிடுகையில், சராசரியாக இரண்டரைக் கிலோ அளவு குறைந்திருந்தது. அவர்களின் உடலசைவும் கூடியிருந்தது. பிள்ளையைப் பாடம் கேட்பவராக மட்டும் வைத்திருக்காமல் பொறுப்பை ஒப்படைத்தால் அது வீட்டையே அசைக்கும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. சமையலை அநேகமாகத் தாயும் பாட்டியுமே தீர்மானிக்கும் புத்தளக் கரைக் குடும்பங்களில் இந்த வழிக்கு மிகுந்த பலன் இருக்கும்.

சிற்றுண்டிச்சாலையிலிருந்து கணிதப் பாடத்துக்கு

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2007இல் சுற்றறிக்கை வெளியிட்டது. 2015இல் அது திருத்தப்பட்டது. மென்பானங்களுக்கு 2016 ஓகஸ்ட் முதல் நிறக் குறியீடு கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுவருவது பாடசாலையின் வேலை.

ஏழாம் தரக் கணித வகுப்பில் வெறும் போத்தல் ஒன்றை மேசையில் வைத்துப் பாருங்கள். 400 மில்லிலீற்றர்ப் போத்தல், 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி என்று அச்சிட்டிருக்கிறது, குறியீடு மஞ்சள். மொத்தச் சீனி 40 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் எட்டுத் தேக்கரண்டி. பிள்ளைகளே சீனியை ஒவ்வொரு கரண்டியாகக் கண்ணாடிக் குவளையில் போட்டு எண்ணட்டும். அடுத்த கணக்கு: நாளொன்றுக்கு 1,800 கிலோகலோரி தேவைப்படும் பிள்ளைக்கு, அந்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கும் சீனியிலிருந்து வரக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது 180 கிலோகலோரி, அதாவது 45 கிராம். ஒரே போத்தலில் நாளின் பங்கு முழுவதும் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. மஞ்சள் என்றால் பயமில்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, அளவையும் பார்க்க வேண்டும் என்று விளங்கிவிடும். சதவீதமும் விகிதமும் அந்த வகுப்பிலேயே படித்து முடிந்துவிடும்.

சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் பெரும்பாலும் கேள்விப்பத்திரத்தில் எடுத்துப் பிழைக்கும் ஊர் மனிதர். அவித்த கடலை, கௌபி, பயறு, பப்பாசித் துண்டு, இலைக்கஞ்சி இவற்றை அவர் நட்டமில்லாமல் விற்க வழி செய்யாமல், அதிபர் தடைப் பட்டியலை மட்டும் ஒட்டினால் வியாபாரம் பாடசாலை வாசலுக்கு வெளியே நகர்ந்துவிடும். குத்தகைப் பணத்தைக் குறைத்து அதற்கு ஈடாக நல்ல உணவைக் கேட்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

ஐந்தாம் தரத்தோடு நிற்கும் தட்டு

பாடசாலைச் சாப்பாடு இந்த நாட்டில் அரசாங்கத்தையே அசைத்த விஷயம். 1953இல் அரிசி விலையை உயர்த்தியதோடு பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்திய வரவு செலவுத் திட்டம் ஓகஸ்ட் 12இன் ஹர்த்தாலுக்கு வழிவகுத்தது. அதே ஆண்டில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 2022இன் நெருக்கடிக்குப் பின் பாடசாலை உணவுத் திட்டம் விரிவடைந்து, 2024இல் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் ஏறத்தாழ 16 இலட்சம் பேரைச் சென்றடையும் திட்டமானது.

இது பெரிய காரியம். ஆனால் பெரும்பாலான பாடசாலைகளில் இந்தத் தட்டு ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் வேகமாக வளர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கி இரும்புச் சத்தின் தேவை ஏறுகிறது. மிகத் தேவையான வயதில் சாப்பாடு நின்றுபோவதை நாம் கொள்கைப் பிழையாகவே பார்க்க வேண்டும்.

பிரேசில் 2009இல் இயற்றிய சட்டம், பாடசாலை உணவுக்கான மத்திய அரசின் நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளின் விளைபொருளுக்கே செலவிட வேண்டும் என்றது. புத்தளக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை. உடப்புக் கரைவலையில் விழும் சாளையும், நுரைச்சோலைத் தோட்டத்து மரக்கறியும், மகளிர் சங்கங்கள் பதப்படுத்தும் நெத்தலியும் பாடசாலை அடுப்புக்கு வரட்டும். இல்லாதவர் சாப்பாடு என்று கருதப்பட்டது எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உண்ணும் சாப்பாடாகும்போது, முன்னே சொன்ன வெட்கமும் நீங்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தார்கள். நெருக்கமான குடியிருப்புகளில், காணியின் அளவே வீட்டின் அளவாக வாழ்ந்த குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகளிடம் 'வீட்டுத்தோட்டம் செய்து வா' என்று ஒப்படை கொடுப்பது நியாயமல்ல. பாடசாலை வளவிலேயே பொதுத் தோட்டம் இருந்தால் ஒருவரும் விடுபடமாட்டார்கள்.

யார் ஓடுகிறார்கள், யார் பார்த்திருக்கிறார்கள்

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. துண்டு துண்டாகவும் சேரலாம். 2016இன் தரவுகளைக் கொண்டு செய்த உலகளாவிய கணிப்பில், 11 முதல் 17 வயதினரில் ஆண்களில் 78 சதவீதத்தினரும் பெண்களில் 85 சதவீதத்தினரும் இந்த அளவை எட்டவில்லை.

உடலுழைப்பு இந்தக் கரைக்குப் புதியதல்ல. உடப்பில் அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கரைவலை இழுத்த தலைமுறைகள் உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதில்லை. புத்தளம் நகரில் உதைபந்தாட்டம் ஊரின் பெருமை. கபடியும் கிளித்தட்டும் எல்லேயும் செலவில்லாத விளையாட்டுகள். மணலில் ஓடுவது கெட்டித் தரையில் ஓடுவதைவிடக் கால்களுக்குக் கூடுதல் வேலை. இடத்துக்கும் விளையாட்டுக்கும் இங்கே பஞ்சமில்லை.

பஞ்சம் நேரத்துக்குத்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணி, மூன்றாம் தரத்திலேயே பின்னேரங்கள் ரியூசனுக்குப் போய்விடுகின்றன. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'கடன் வாங்கும்' வழக்கமும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானம் உயிர்பெறுகிறது. அப்போதும் பதக்கம் வெல்லக்கூடிய சிலருக்குத்தான் பயிற்சி, மற்றவர்களுக்குக் கைதட்டும் வேலை. பாடசாலையின் விளையாட்டுச் சாதனையைக் கிண்ணங்களின் தொகையால் அளப்பதை நிறுத்தி, அன்றைய நாளில் எத்தனை பிள்ளைகளுக்கு வியர்த்தது என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். 'பெரிய பிள்ளை ஆகிவிட்டாள்' என்ற சொல்லோடு, தமிழ், முஸ்லிம் வீடுகள் இரண்டிலும் பின்னேர விளையாட்டு முடிந்துவிடுகிறது. பெற்றோரின் கவலையை இகழ்ந்து பேசி எந்தப் பிள்ளையையும் மைதானத்துக்குக் கொண்டுவர முடியாது. காலை 7.30க்குத் தொடங்கி பகல் 1.30க்கு முடியும் பாடசாலை நேரத்துக்குள்ளேயே, மதிலுக்குள், பெண் ஆசிரியரின் பொறுப்பில், குடும்பம் ஏற்கும் உடையில் வலைப்பந்தும் எல்லேயும் நாள்தோறும் நடந்தால் மறுக்கும் பெற்றோர் மிகச் சிலரே இருப்பர். வெயில் ஏறுமுன் முதற்பாடவேளையே விளையாட்டாக இருப்பது இந்தக் கரையின் காலநிலைக்கும் ஏற்றது. றமழான் காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால், நோன்பைக் காரணம் காட்டி ஆண்டு முழுவதையும் விட்டுவிடத் தேவையில்லை.

செய்யக்கூடியவை

மேலே கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால், புத்தளக் கரைப் பாடசாலை ஒன்று நாளைக்கே தொடங்கக்கூடியவை சில உண்டு. உடற்கல்விப் பாடவேளையை எவரும் கடன் வாங்கக் கூடாது என்று அதிபர் உத்தரவிடலாம். சிற்றுண்டிச்சாலைக் குத்தகையை உணவுப் பட்டியலோடு இணைக்கலாம். ஆசிரியர்கள் பிள்ளைகளோடு இருந்து உண்ணலாம். ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டில் மாற்றக்கூடிய ஒரு விஷயத்தை, தேத்தண்ணீர் நேரத்தையோ உப்பையோ, தெரிந்தெடுத்து ஒரு தவணை முழுதும் குறிப்பெழுதி வரலாம்.

அரசு செய்ய வேண்டியவை வேறு. கற்பிட்டிப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் நைத்திரேற்று நீக்கிய குடிநீர் வேண்டும். பாடசாலை உணவு பதினோராம் தரம் வரை நீள வேண்டும். அந்த உணவுக்கான கொள்வனவில் ஊரின் மீனவருக்கும் விவசாயிக்கும் உறுதியான பங்கு வேண்டும். சமைக்கும் பெண்களுக்குரிய கொடுப்பனவு மாதாமாதம் தவறாமல் சேர வேண்டும். அது பிந்தினால் தட்டிலிருந்து முதலில் மறைவது முட்டையும் மீனுமே.

இவற்றுள் எதுவும் பிள்ளையின் மன உறுதியைச் சோதிப்பதல்ல. பத்து வயதுப் பிள்ளையிடம் சரியானதைத் தெரிந்தெடு என்று சொல்லிவிட்டு, அதைச் சுற்றித் தவறானதை மட்டும் மலிவாகவும் எளிதாகவும் வைத்திருப்பது பெரியவர்களின் பொறுப்பைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது. மீனும் கீரையும் மணல்வெளியும் இருக்கும் ஒரு கரையில் பிள்ளைகள் மெலிந்தும் சோர்ந்தும் வளர்வார்களானால், விடை சொல்ல வேண்டியவர்கள் பாடசாலையையும் சந்தையையும் கிணற்றையும் நிர்வகிக்கும் நாம்தான்.